நேராகத்தானே நின்றேன், சார்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கிறார். ஆனால் வாய் திறப்பதில்லை. தன் மதம் அனுமதிக்கவில்லை என்கிறார். இது நாட்டுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?
- அரசு ஊழியர் ஒருவர்

பதில்: இல்லை. இதே கேள்விக்கு 1984-இல் நான் வேறு பதில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஒன்பதாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். காலைக் கூட்டத்தில் ஒரு மாணவி கீதம் பாடாமல் நிற்கிறாள் என்று புகார் வந்தது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த குடும்பம். கடவுளைத் தவிர வேறு எதையும் போற்றிப் பாடுவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. கூப்பிட்டு விசாரித்தேன். "நான் நேராகத்தானே நின்றேன், சார்" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. மேலிடத்தில் சொன்னபடி அவளுடைய பதிவேட்டில் 'கீழ்ப்படியாமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆண்டு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

1986 ஆகஸ்டில் ஒரு நாள் காலைச் செய்தித்தாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தேன். பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு என்ற வழக்கு. அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் ஒருவர், ஒன்பதில் ஒருவர், ஐந்தில் ஒருவர். கீதம் பாடவில்லை, ஆனால் மரியாதையாக எழுந்து நின்றார்கள். சட்டமன்றத்தில் விஷயம் கிளப்பப்பட்டது. விசாரணைக் குழு அமைத்தார்கள். பிள்ளைகள் சட்டத்தை மதிப்பவர்கள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று அந்தக் குழுவே சொன்னதாகத் தீர்ப்பில் இருக்கிறது. அப்படியும் 1985 ஜூலையில் பள்ளியைவிட்டு வெளியே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றத்திலும் தோல்விதான்.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எளிமையான ஒரு கேள்வியைத்தான் கேட்டார்: எந்தச் சட்டம் பாடச் சொல்கிறது? தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கீதம் பாடுவதைத் தடுப்பதையும், பாடுகிறவர்களைக் குலைப்பதையும் குற்றம் என்கிறது. பாடியே ஆக வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. இன்னொன்றும் சொன்னார். ஒரு நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது பிரச்சினையே அல்ல, அதை அவர்கள் உண்மையாகக் கொண்டிருக்கிறார்களா என்பதுதான் பிரச்சினை. பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ள உத்தரவானது.

உங்கள் நண்பரும் நேராகத்தான் நிற்கிறார். தயவுசெய்து அவரைப் பற்றி மேலே எழுதிப் போடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஆளாளுக்கு 'என் மனசாட்சி' என்று கிளம்பிவிட்டால் சட்டம் எதற்கு?
- சட்டக் கல்லூரி மாணவர்

பதில்: நியாயமான கேள்வி. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவே எல்லை வைத்துத்தான் தொடங்குகிறது: பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, மக்கள் நலவாழ்வு. அதற்குப் பிறகுதான் உரிமை வருகிறது, அதில் மதத்துக்கும் முன்னால் மனசாட்சி வருகிறது.

என் அளவில் நான் பார்ப்பது ஒன்றைத்தான். மறுப்பவரின் மனசாட்சிக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? பாடாமல் நின்ற பிள்ளைகள் தங்கள் படிப்பையே விலையாகக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்றவர் பாடுவதை அவர்கள் தடுக்கவில்லை. 2015-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கிம் டேவிஸ் என்ற அரசு எழுத்தர், ஒரே பாலினத்தவர் திருமணம் தன் விசுவாசத்துக்கு விரோதம் என்று உரிமம் தர மறுத்தார். தன் கையெழுத்து வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால் அவருக்காக நான் வாதாடுவேன். அவர் தனக்குக் கீழே இருந்தவர்களும் தரக் கூடாது என்று தடுத்தார். அங்கே விலை கொடுத்தவர்கள் வாசலில் காத்து நின்ற தம்பதிகள். நீதிமன்ற அவமதிப்புக்காக அவர் சிறைக்குப் போனதும் துணை எழுத்தர்கள் உரிமம் கொடுத்தார்கள்.

அரசுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மாற்று வழி கொடுக்க முடியும்போது கொடுக்க வேண்டும். ராணுவச் சேவை கட்டாயமாக இருக்கும் தென் கொரியாவில் ஆயுதம் தொட மாட்டேன் என்ற இளைஞர்களைப் பல பத்தாண்டுகளாகச் சிறையில் தள்ளினார்கள். 18 மாதத் தண்டனை வழக்கமாகவே ஆகிப்போனது. மாற்றுச் சேவை வைக்காதது தவறு என்று 2018-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்ன பிறகு, 2020-இல் மாற்றுச் சேவை வந்தது. அதுவும் சிறை வளாகங்களில் 36 மாதம். ராணுவத்தில் இருப்பதைவிட இரு மடங்கு காலம். இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஒரே ஒரு ஆள் மறுத்து உயிரை விட்டால் என்ன மாறிவிடும்? குடும்பம் தெருவில் நிற்கும், அவ்வளவுதானே?
- கல்லூரி மாணவி

பதில்: இந்தக் கேள்வியை ஆஸ்திரியாவில் ஒரு விவசாயியிடம் ஊரே கேட்டது. பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சின்ன கிராமம். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டு அதற்கு மக்கள் வாக்கெடுப்பும் நடத்தியபோது, அந்த ஊரில் வேண்டாம் என்று வாக்களித்தவர் இவர் ஒருவர்தான். அந்த வாக்கைக்கூட உள்ளூர் அதிகாரிகள் கணக்கில் காட்டவில்லை.

படிப்பு கிராமப் பள்ளியோடு சரி. மனைவி ஃபிரான்சிஸ்காவும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள். ஹிட்லரின் போர் அநியாயமான போர், அதில் நான் சண்டையிட்டால் பாவம் என்று அவருக்குப் பட்டது. நேராகப் போய் லின்ஸ் நகரக் கத்தோலிக்க ஆயரிடமே (பிஷப்) கேட்டார். போரின் நியாய அநியாயத்துக்கு ஆள்பவர்கள்தான் பொறுப்பு, நீ குடும்பத்தைப் பார் என்ற தொனியில்தான் அவருக்குப் பதில் கிடைத்தது. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அரசு எதிரே நிற்பது தெரிந்ததுதான். தான் நம்பிய திருச்சபையும் துணைக்கு வரவில்லை. அப்புறமும் அவர் மனம் மாறவில்லை.

1943 மார்ச் 1-ஆம் தேதி ராணுவ முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொன்னார். காயம்பட்டவர்களுக்கு உதவும் வேலை கொடுங்கள், செய்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். ஏற்கவில்லை. சிறையில், கைகளில் விலங்கோடு எழுதிய குறிப்பு ஒன்றில், கை கட்டப்பட்டிருப்பது மேல், என் சித்தம் கட்டப்பட்டிருந்தால் அது இதைவிடக் கொடுமை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 9-ஆம் தேதி பிராண்டன்பர்க்கில் தலையை வெட்டினார்கள். வயது 36.

குடும்பம் தெருவில் நிற்கும் என்கிறீர்கள். நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட நடந்தது. போர் முடிந்த பிறகும் ஊரார் பலர் அந்த மனைவியைத்தான் குறை சொன்னார்கள். போரில் இறந்தவர்களின் விதவைகளுக்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. தண்டனைத் தீர்ப்பை பெர்லின் நீதிமன்றம் ரத்து செய்தது 1997-இல். 2007-இல் லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது ஃபிரான்சிஸ்கா அங்கே இருந்தார். 94 வயது.

ஹிட்லரின் போர் இவரால் ஒரு நாள் முன்னதாகக்கூட முடியவில்லை, உண்மை. ஆனால் அந்த அரசு ஒரு கிராமத்து விவசாயியை ஏன் பெர்லின்வரை கொண்டுபோய், ராணுவத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்? எந்த அரசும் தானாகத் துப்பாக்கி தூக்க முடியாது. அதற்குக் கைகள் வேண்டும். ஒரு கை முடியாது என்றால் மற்றக் கைகளும் யோசிக்கும். பயம் எங்கே இருந்தது என்று பாருங்கள்.

கேள்வி: பதவியில் இருந்துகொண்டு யாராவது இப்படி மறுத்திருக்கிறார்களா?
- வாசகி ஒருவர்

பதில்: உச்ச நீதிமன்ற நீதிபதி எச்.ஆர். கன்னா. நெருக்கடி நிலையில், சட்டவிரோதமாகப் பிடித்து அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வர முடியுமா என்ற வழக்கு. அநியாயமாக உயிரையே எடுத்தாலும் இதே நிலைதானா என்று கன்னா கேட்டார். என் வாதப்படி அப்படித்தான் என்ற பொருளில் பதில் சொன்னார் அரசின் தலைமை வழக்கறிஞர். 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம், கன்னா ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம். மறு ஆண்டு ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது. ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் எழுதியது. எழுதியவர் அந்த நால்வரில் ஒருவரான சந்திரசூட்டின் மகன்.

கேள்வி: நம் தமிழ் மரபில் இதற்கு முன்னோடி அப்பர்தானே?
- தமிழாசிரியை ஒருவர்

பதில்: ஆமாம். சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காக, சமணனாக இருந்த பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து அழைத்தபோது 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று பாடி மறுத்தார். 'குடி' என்ற சொல்லைக் கவனியுங்கள். ராஜாவைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. உன் பிரஜை என்ற உறவையே இல்லை என்கிறார். அதற்கப்புறம் நீற்றறை (சுண்ணாம்புக் காளவாய்), நஞ்சு, யானை, கல்லில் கட்டிக் கடலில் போட்டது என்று பெரிய புராணம் சொல்லும் கதை உங்களுக்கே தெரியும். வகுப்பில் உணர்ச்சியோடு நடத்தியிருப்பீர்கள். நானும் நடத்தியிருக்கிறேன்.

ஆனால் ஒரு வேண்டுகோள். கதையை அங்கே நிறுத்திவிடாதீர்கள். அதே புராணம் அடுத்து நடந்ததையும் சொல்கிறது. மன்னன் மனம் மாறிச் சைவனாகிறான். பாடலிபுத்திரத்தில் (வடக்கே உள்ள பாட்னா அல்ல, நம் கடலூர்ப் பக்கத்து ஊர்) இருந்த சமணப் பள்ளிகளை இடிக்கிறான். இடித்து எடுத்து வந்தவற்றைக் கொண்டு திருவதிகையில் சிவனுக்குக் கோயில் எழுப்புகிறான். அப்பரை நீற்றறையில் பூட்டிய அதே அதிகாரம், இப்போது வேறு பக்கம் திரும்பிவிட்டது. சேக்கிழார் இதை வெற்றியாகத்தான் பாடுகிறார். எனக்கோ, அந்தப் பள்ளிகளில் விளக்கேற்றிப் படித்துக்கொண்டிருந்த துறவிகள் அன்று இரவு எங்கே போனார்கள் என்ற யோசனை வருகிறது. அடுத்த முறை பாடம் நடத்தும்போது உங்கள் மாணவிகளிடமும் அதைக் கேட்டுப் பாருங்கள்.