எஞ்சின் மாற்றிய பழைய காருக்கு எக்ஸாஸ்ட் ஹெடர்: ரெடிமேடா, செய்ய வேண்டுமா? எங்கெல்லாம் இடிக்கும்?

கேள்வி: பழைய காரில் வேறு எஞ்சின் இறக்கியாயிற்று. அந்த எஞ்சினுக்கென்று விற்கும் ஹெடரை (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுப்பு) வாங்கி மாட்டிவிடலாமா, தனியாகச் செய்ய வேண்டுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஹெடரைப் பற்றி யோசிக்கும் முன் எஞ்சின் உட்காரும் இடம் முடிவாகிவிட்டதா என்று பாருங்கள். மவுண்ட் ரப்பர்கள் புதிதாக இருக்க வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் முழு எடையும் அவற்றின் மேல் இறங்கியிருக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் பார்த்து, கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பரை நிரந்தரமாக முடுக்கியிருக்க வேண்டும். அமுங்கிப்போன பழைய ரப்பரை வைத்து அளந்தால், புது ரப்பர் போட்ட அன்றே எஞ்சின் சில மில்லிமீட்டர் எழும்பி எல்லா அளவும் பொய்யாகிவிடும்.

ரெடிமேட் ஹெடர் எஞ்சினோடு கச்சிதமாகச் சேரும், அதில் சந்தேகமில்லை. இடிப்பதெல்லாம் காரோடுதான். ஆகவே விற்பவரிடம் 'இந்த எஞ்சினுக்குச் சேருமா' என்று கேட்டுப் பயனில்லை. எந்த கார் பாடி, எந்த எஞ்சின் மவுண்ட், எந்த ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று நான்கையும் கேளுங்கள். மவுண்டையும் ஹெடரையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஜோடியாக வாங்குவதுதான் பாதுகாப்பு. வலப்பக்க ஸ்டீயரிங் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்வாப் (எஞ்சின் மாற்று) ஹெடர்கள் இடப்பக்க ஸ்டீயரிங் காரில் வைத்துப் பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றின் வலப்பக்கக் குழாய்கள் நேராக உங்கள் ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் போய் நிற்கும்.

நீளக் குழாய் ஹெடர் பவருக்கு நல்லது, இடத்துக்குப் பகை. எஞ்சின் பிளாக்கை ஒட்டிக் கீழிறங்கும் குட்டை வகை எளிதில் உட்காரும், ஆனால் பவரில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் நோக்கம் அமைதியாக ஓட்டுவது மட்டும் என்றால், அதே எஞ்சின் வேறொரு மாடலில் வந்தபோது இருந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை (ஹெடரின் இடத்தில் கம்பெனியே போடும் புகைக்குழாய்) தேடிப் பாருங்கள். செவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி8 எஞ்சினுக்கு 'ராம்ஸ் ஹார்ன்' மேனிஃபோல்டும், அதன் பின்வந்த எல்எஸ் எஞ்சின்களுக்கு கார்வெட்டில் வந்த மேனிஃபோல்டும் பல ஸ்வாப்களைக் காப்பாற்றியிருக்கின்றன. லீக் ஆகாது, சத்தம் குறைவு, சூடும் அவ்வளவாக வீசாது. ஹெடர் மோகத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை.

ஹெடர்தான் என்று முடிவானால், இடைவெளிதான் முழு வேலையும். சிலிண்டர் ஹெட்டில் ஸ்பார்க் பிளக்குகளைப் போட்டு, பிளக் வயர் மூடிகளையும் மாட்டுங்கள். ஆயில் ஃபில்டர், டிப்ஸ்டிக் குழாய், ஸ்டார்ட்டர், கிளட்ச் லிங்கேஜ், ஸ்டீயரிங் ஷாஃப்ட் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். இதில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தாலும் கடைசியில் இடிப்பது அதுவாகத்தான் இருக்கும். ஃபில்டரை மாட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, கழற்றி வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழாய்க்கும் சேசிஸுக்கும் நடுவே குறைந்தது 12 மி.மீ., பிரேக் குழாய்க்கு 25 மி.மீ., பெட்ரோல் ஹோஸுக்கும் வயரிங்குக்கும் 50 மி.மீ. விடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் நடுவே தகடு அடித்தே ஆக வேண்டும். 12 மி.மீ. ஏன் என்றால், ரப்பர் மவுண்டில் நிற்கும் எஞ்சின் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு பக்கம் சாயும். குழாயும் சூட்டில் நீளும். அரை மீட்டர் குழாய் 600 டிகிரி சூடேறினால் சாதாரண இரும்பு 4 மி.மீ. அளவுக்கும், 304 ஸ்டெயின்லெஸ் 5 மி.மீ.க்கு மேலும் வளரும். நிற்கும் காரில் ஒரு விரல் இடைவெளி தெரிந்தது, ஓடும்போது டங் டங் என்று அடிக்கிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

சோதிக்க எளிய வழி உண்டு. சந்தேகமான இடங்களில் களிமண் உருண்டையை குழாய்க்கும் சேசிஸுக்கும் நடுவே ஒட்டுங்கள். மவுண்ட் பக்கத்தில் மரக்கட்டை வைத்து எஞ்சினை ஜாக்கியால் மெல்ல ஒரு பக்கம் தூக்கி இறக்குங்கள். பிறகு களிமண்ணை எடுத்து, நசுங்கி மெலிந்த இடத்தின் தடிமனை வெர்னியரால் அளந்துவிடலாம். ஸ்டீயரிங்கை இரண்டு முனை வரைக்கும் திருப்பி, யுனிவர்சல் ஜாயின்ட்டின் நுகம் எந்தக் கோணத்தில் குழாய்க்கு மிக அருகே வருகிறது என்றும் பாருங்கள். ஷாஃப்ட் உருண்டையாக இருந்தாலும் ஜாயின்ட் அப்படியில்லை.

ஒரே ஒரு குழாய் கொஞ்சம் இடித்தால் ஹெடரைத் தூக்கி எறிய வேண்டாம். 42 மி.மீ. உள்விட்டக் குழாயை இருபுறமும் சீராக அழுத்தி 34 மி.மீ. அகல முட்டை வடிவமாக்கினாலும் உட்பரப்பு ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறையும். எஞ்சின் அதைக் கண்டுகொள்ளாது. ஹெடரைக் கழற்றி, சிவக்கச் சூடாக்கி, வைஸில் வைத்து அழுத்துங்கள். காரிலேயே வைத்துச் சுத்தியலால் அடித்தால் குழாய் மடிந்து கூரான பள்ளம் விழும், பின்னால் அங்கேதான் விரிசல் வரும். மேலே கோட்டிங் இருந்தால் அந்த இடத்தில் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகச் செய்வதென்றால் குழாய் அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: குழாயின் உட்பரப்பை சதுர செ.மீ.யில் எடுத்து 2,24,000ஆல் பெருக்கி, ஒரு சிலிண்டரின் சி.சி.யால் வகுத்தால், அந்தக் குழாய் எந்த ஆர்பிஎம்மில் டார்க்கைத் தூக்கும் என்று கிடைக்கும். 500 சி.சி. சிலிண்டருக்கு 35 மி.மீ. உள்விட்டம் போட்டால் ஏறக்குறைய 4,300 வரும். தெருவில் ஓட்டும் காருக்குப் பெரிய குழாய் போடுவது கீழ் டார்க்கைத்தான் தின்னும்.

ஃபிளாஞ்ச், அதாவது ஹெட்டோடு போல்ட்டில் சேரும் தட்டு, 10 மி.மீ. தகடு. குழாய் சுவர் 1.6 மி.மீ. இருந்தால் நீடித்து உழைக்கும். ஃபிளாஞ்சைப் பழைய ஹெட் ஒன்றிலோ தடித்த இரும்புப் பட்டையிலோ எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிய பிறகுதான் முழு வெல்டிங் தொடங்க வேண்டும். ஒரு போர்ட்டை (புகை வரும் துளை) சுற்றி ஒரே மூச்சில் வெல்டிங் செய்யாமல், சிறிது இங்கே, சிறிது மறுகோடியில் என்று மாறி மாறிப் போங்கள். முழுதாக ஆறும் வரை போல்ட்டைக் கழற்றக் கூடாது. அப்படியும் கொஞ்சம் வளையும். நேர்விளிம்புப் பட்டையை ஃபிளாஞ்ச் மேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் 0.2 மி.மீ.க்கு மேல் போகிறதென்றால் தேய்த்துச் சமமாக்குங்கள். ஸ்டெயின்லெஸ் குழாயை டிக் வெல்டிங் செய்கையில் உள்ளே ஆர்கான் விட மறந்தால் வெல்டிங்கின் உட்பக்கம் கருகிப் பொரிந்துபோகும். 304க்கு 308எல் கம்பி, ஸ்டெயின்லெஸ்ஸை இரும்போடு சேர்க்க 309எல்.

ஹெடரின் வாய் ஹெட்டின் போர்ட்டை விட ஒரு மி.மீ. பெரிதாக இருக்கலாம். சிறிதாக இருக்கவே கூடாது, கேஸ்கெட் உட்பட.

மாட்டும்போது பெரும்பாலும் கீழிருந்துதான் ஏற்ற வேண்டிவரும். பேட்டரி வயரைக் கழற்றி, ஸ்டார்ட்டரை இறக்கி, அந்தப் பக்க மவுண்ட் போல்ட்டை எடுத்து எஞ்சினை 50 மி.மீ. தூக்கினால் வழி கிடைக்கும். ரேடியேட்டர் ஹோஸும் ஃபேன் மூடியும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்குங்கள். ஸ்டீயரிங் ஷாஃப்டைக் கழற்றினால் முதலில் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பல் மாறினாலும் ஸ்டீயரிங் கோணலாகிவிடும். இடுக்கான காரில் ஸ்டட் (ஹெட்டிலேயே நீட்டிக்கொண்டு நிற்கும் மரைக்கம்பி) வேண்டாம், ஹெடரை ஸ்டட் மேல் நுழைக்கவே இடமிருக்காது. சிறிய தலை உள்ள போல்ட் போடுங்கள். எல்லா போல்ட்டையும் கையால் நான்கைந்து மரை ஏற்றிய பிறகே ஸ்பேனர். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். அலுமினிய ஹெட்டில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வழக்கம். உங்கள் எஞ்சின் மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி. மரைகளுக்கு ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) தடவுங்கள். முதல் சில முறை சூடாகி ஆறியபின், குளிர்ந்த நிலையில், மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஹெடர் விரிசல் விட்டால் எல்லோரும் வெல்டிங்கைத்தான் திட்டுவார்கள். நிஜத்தில் சைலன்சர் குழாயின் எடை முழுவதும் கலெக்டரில் (ஹெடர் குழாய்கள் ஒன்றாகச் சேரும் முனை) தொங்கிக்கொண்டிருக்கும். முதல் தாங்கியை கியர்பாக்ஸிலேயே பொருத்துங்கள், அது எஞ்சினோடு சேர்ந்து அசையும். அதற்குப் பிறகு ஒரு ஃப்ளெக்ஸ் இணைப்பு, பின் பாடியில் ரப்பர் தாங்கிகள்.

ஆக்ஸிஜன் சென்சர் இருந்தால் கலெக்டர் முடிந்த இடத்தில் எம்18x1.5 மரை உருளை வெல்டிங் செய்து, சென்சரைக் குழாயின் மேல் பாதியில், குறைந்தது 10 டிகிரி சரிவாக வையுங்கள். கீழ்ப்பக்கம் வைத்தால் தங்கும் நீர் பட்டு உள்ளிருக்கும் செராமிக் உடையும். சென்சருக்கு முன்னால் எங்காவது லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், கலவை மெலிந்துவிட்டதாகத் தப்பாகக் காட்டும். இசியு (எஞ்சினை ஆளும் கணினி) பெட்ரோலைக் கொட்டும். கார்புரேட்டர் வண்டியானால் ஹெடர் மாற்றிய பின் ஜெட் அளவைச் சரிபார்க்காமல் நீண்ட தூரம் போக வேண்டாம்.

லீக்கைக் கண்டுபிடிக்க, குளிர்ந்த எஞ்சினில் வேக்குவம் கிளீனரின் ஊதும் முனையைப் பின் குழாயில் செருகித் துணியால் அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். காலையில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் நின்றுபோகும் சத்தம் எஞ்சின் டாப்பெட் இல்லை, ஃபிளாஞ்ச் லீக்தான் என்பது பெரும்பாலும் உண்மை. அந்த இடத்தில் கரிக்கோடு படிந்திருக்கும்.

சூட்டுக்கு ஹெடரைச் சுற்றித் துணி நாடா கட்டுவது மலிவு வழி. ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்புக் குழாயை நாடாவுக்கு அடியிலேயே அரிக்கும். செராமிக் கோட்டிங் நல்லது. ஸ்டார்ட்டருக்கும் கிளட்ச் ஹோஸுக்கும் தனியாகத் தகடு அடியுங்கள், ஏனென்றால் சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்வது அங்கிருந்துதான் தொடங்கும். கோட்டிங்குக்கு அனுப்புவதைச் சில வாரம் ஓட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எங்காவது உரசியிருந்தால் குழாயில் பளபளவென்று தேய்ந்த தடம் தெரியும், திருத்திவிட்டு அனுப்பலாம்.