கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? எந்த உணவை எதில் வைப்பது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அலமாரி நிறைய பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மாறச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, உடைந்தால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது. மைக்ரோவேவில் வைக்கலாம் என்று அடியில் போட்டிருக்கும் பிளாஸ்டிக்கை நம்பலாமா? எதை வைத்துக்கொள்வது, எதைக் கழித்துவிடுவது?"

எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. சூடான உணவு, எண்ணெய் மிதக்கும் உணவு, புளிப்பான உணவு, இவற்றை மட்டும் பிளாஸ்டிக்கிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அரிசி, மாவு, பருப்பு, சர்க்கரை எல்லாம் நல்ல பிளாஸ்டிக் டப்பாவிலேயே இருக்கட்டும். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு சூட்டில் போட்டீர்கள், எத்தனை நாள் கிடக்கப்போகிறது என்று மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏன் இந்த மூன்று? பிளாஸ்டிக் என்பது நீளமான மூலக்கூறு சங்கிலிகளின் பின்னல். அதற்கு வளைவு தர, நிறம் தர, சீக்கிரம் நைந்துபோகாமல் காக்க என்று பல சிறு வேதிப்பொருட்களையும் சேர்க்கிறார்கள். இவற்றில் பல, சங்கிலியோடு ஒட்டாமல் இடையில் சும்மா தங்கியிருப்பவை. சூடு ஏறினால் நகர ஆரம்பிக்கும். எண்ணெய் பட்டால் அதில் கரையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஒரு சதுர டெசிமீட்டர் (10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர்) பிளாஸ்டிக்கிலிருந்து எல்லாம் சேர்த்து 10 மில்லிகிராமுக்கு மேல் உணவுக்குள் இறங்கக் கூடாது. இதைச் சோதிக்கும்போது உண்மையான உணவுக்குப் பதிலாக 3 சதவீத அசிட்டிக் அமிலம், சாராயம் கலந்த நீர், தாவர எண்ணெய் ஆகியவற்றை டப்பாவில் ஊற்றி வைக்கிறார்கள். நாள்கணக்கில் வைத்திருக்கும் உணவுக்கான டப்பா என்றால் வழக்கமாக 40 டிகிரி செல்சியஸில் 10 நாள். எவையெல்லாம் பிளாஸ்டிக்கிலிருந்து பொருட்களை உறிஞ்சி எடுக்கும் என்பது அந்தச் சோதனைப் பட்டியலிலேயே இருக்கிறது. உலர்ந்த அரிசி அப்படி எதையும் பெரிதாக இழுக்காது.

சூட்டைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிப்ரொப்பிலீன் பால் புட்டிகளைச் சோதித்தார்கள். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு சுமார் 6 லட்சம் பிளாஸ்டிக் நுண்துகள்கள் வந்தன. 95 டிகிரிக்குப் போனபோது அது ஐந்தரைக் கோடியானது. 2023-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில், பிளாஸ்டிக் டப்பாக்களை மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்துப் பார்த்தார்கள். மோசமான நிலையில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 40 லட்சத்துக்கு மேல் நுண்துகள்களும், அவற்றைவிடவும் சிறிய நானோதுகள்கள் 200 கோடிக்கு மேலும் வெளிவந்தன. எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம். இவை மிக மிகச் சிறிய துகள்கள், எண்ணிக்கையை வைத்து மட்டும் உடலுக்கு இவ்வளவு கேடு என்று கணக்குப் போட முடியாது. ஆனால் சூடு ஏற ஏறக் கசிவு பல மடங்காகிறது என்பதில் சந்தேகமில்லை, அதைத் தவிர்க்க நமக்குச் செலவும் பெரிதாக இல்லை.

ஆகவே மைக்ரோவேவ் கேள்விக்கு என் பதில்: அந்த அடையாளத்தை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். டப்பா உருகாது, கோணாது, உணவுக்குள் இறங்குவது அனுமதித்த அளவுக்குள் இருக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். எதுவுமே இறங்காது என்று அது சொல்லவில்லை. எண்ணெயும் சர்க்கரையும் அதிகமுள்ள உணவு மைக்ரோவேவில் சில இடங்களில் 100 டிகிரியையும் தாண்டிவிடும். தக்காளிச் சாறு சேர்ந்த எண்ணெய்ப் பதார்த்தத்தைச் சூடாக்கிய டப்பாவின் உட்புறம் அங்கங்கே வெளுத்துச் சொரசொரப்பாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக்கே அந்த இடத்தில் இளகிப் பெயர்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தால் இருக்கட்டும், சூடாக்கும்போது பீங்கான் தட்டுக்கோ கண்ணாடிக் கிண்ணத்துக்கோ மாற்றிவிடுங்கள்.

சரி, கையில் இருக்கும் டப்பாக்களைத் தரம் பிரிப்போம். அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் துறையினர் மறுசுழற்சிக்காகப் பிரித்தெடுக்க வசதியாக இதைக் கொண்டுவந்தார்கள். இது தர முத்திரை கிடையாது, பிளாஸ்டிக் எந்த வகை என்று மட்டும் சொல்லும். உணவுக்கு ஏற்றதா என்பதற்குத் தனி அடையாளம் உண்டு: ஒரு கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த படம்.

5 என்றால் பாலிப்ரொப்பிலீன். வீட்டு டப்பாக்களில் பெரும்பாலானவை இதுதான். உருகுநிலை 160 டிகிரிக்குப் பக்கம் என்பதால் மற்றவற்றைவிடச் சூட்டைத் தாங்கும். 2-உம் 4-உம் பாலிஎதிலீன் வகைகள், உலர் பொருளுக்கும் குளிருக்கும் நல்லவை. 1 என்பது பெட், தண்ணீர் பாட்டில்களும் பல பொருட்கள் வாங்கும்போது வரும் தெளிவான ஜாடிகளும் இந்த ரகம். 70 டிகிரியைச் சுற்றியே தளர ஆரம்பித்துவிடும். அதன் தயாரிப்பில் சேரும் ஆன்டிமனி என்ற தனிமமும் சூட்டில் கசியும். ஜாடியைக் கழுவிக் காயவைத்து மிளகையோ உளுந்தையோ போட்டு வையுங்கள், வெந்நீரை மட்டும் ஊற்றாதீர்கள். 6, பாலிஸ்டைரீன்: ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் இருக்கும் எண்ணெய்கூட இதைக் கரைத்துவிடும். இதையும் 3-ஐயும் (பிவிசி) உணவுக்கு நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

7 ஒரு கதம்பம். பழைய, கடினமான, கண்ணாடிபோலத் தெளிந்த டப்பாவில் இந்த எண் இருந்தால் அது பாலிகார்பனேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்பீனால் ஏ (பிபிஏ) என்ற வேதிப்பொருள் இதிலிருந்து கசியும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், ஒரு நாளில் இது உடலுக்குள் எவ்வளவு போகலாம் என்ற அளவை ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பொருட்களில் இதைத் தடை செய்யும் விதியையும் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட பழைய டப்பா இருந்தால் ஆணி, திருகு போட வைத்துக்கொள்ளலாம். ‘பிபிஏ இல்லை’ என்ற விளம்பரத்துக்கு நான் பெரிய மரியாதை தருவதில்லை. பாலிப்ரொப்பிலீனில் அது எப்போதுமே கிடையாது. வேறு சில பொருட்களில் அதை எடுத்துவிட்டு, அதன் நெருங்கிய உறவான பிஸ்பீனால் எஸ்ஸைப் போட்டுவிடுகிறார்கள்.

எண்ணே இல்லாத டப்பாவா? தண்ணீரில் அமுக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் விட்டுப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீனும் பாலிஎதிலீனும் நீரைவிட இலேசு, மேலே வந்துவிடும். பெட், பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் மூழ்கும். மூடியைத் தனியாகப் பாருங்கள், அது பெரும்பாலும் வேறு வகை.

அப்புறம் கண்ணாடி. இதிலும் எல்லாம் ஒன்றல்ல. பாட்டில், ஜாடி, டம்ளர் எல்லாம் சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. அடுப்புக் கண்ணாடி என்று விற்பது பலநேரம் போரோசிலிகேட், சூட்டில் சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். கண்ணாடி சூட்டினால் மட்டும் உடைவதில்லை. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நிற்கும்போதுதான் விரிசல் விடுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடியில் கொதிக்கும் சூப்பை ஊற்றினால், ஈரமான கல்மேடையில் சூடான பாத்திரத்தை வைத்தால், ஆபத்து அப்போதுதான். அடுப்புக்குள் வைக்கலாம் என்று விற்கும் எல்லாக் கண்ணாடியும் போரோசிலிகேட் என்று நினைத்துவிடாதீர்கள். பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடியும் அந்தப் பெயரில் வருகிறது. அட்டைப்பெட்டியில் போரோசிலிகேட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெட்டுவேலை செய்த, கனமான, பளபளக்கும் பழைய கிரிஸ்டல் ஜாடிகளில் ஈயம் இருக்கும். ஈயக் கிரிஸ்டலில் எடையில் 24 சதவீதத்துக்குக் குறையாமல் ஈய ஆக்சைடு உண்டு. பழச்சாறோ ஊறுகாயோ அதில் நாள்கணக்கில் இருக்கக் கூடாது. காட்சிக்கு மட்டும் வையுங்கள்.

கண்ணாடிக்கு மாறுகிறவர்கள் மறந்துபோவது மூடியை. டப்பா கண்ணாடி, மூடி பிளாஸ்டிக் என்பதுதான் வழக்கம். சூடாக்கும்போது மூடியை எடுத்துவிட்டுத் தட்டு போட்டு மூடுங்கள், உணவு மூடியைத் தொடும் அளவுக்கு நிரப்பாதீர்கள். திருகும் தகர மூடிகளின் உள்விளிம்பில் ரப்பர்போல இருக்கும் வளையம் பெரும்பாலும் மென்மையாக்கிய பிவிசி. அந்த மென்மைக்காகச் சேர்த்தது எண்ணெயில் எளிதாக இறங்கும். எண்ணெயில் ஊறும் பொருள் உள்ள ஜாடியைக் கவிழ்த்தோ படுக்கவைத்தோ வைக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

கசிவு ஒருபுறம் இருக்க, உணவு கெடாமல் இருப்பதிலும் வித்தியாசம் உண்டு. கண்ணாடி வழியே காற்று புகாது. பாலிப்ரொப்பிலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். மாவுக்கு இது போதும். காப்பித்தூளுக்கும் வறுத்த கொட்டைகளுக்கும் போதாது, மணம் போய்ச் சிக்கு வாடை வந்துவிடும். ஆனால் தெளிவான கண்ணாடி வெளிச்சத்தை விட்டுவிடுகிறது. எண்ணெயும் பாலும் வெளிச்சத்தில் சுவை கெடும். ஆகவே எண்ணெய் பாட்டில் பழுப்பு நிறக் கண்ணாடியாக இருக்கட்டும், இல்லையென்றால் கதவு மூடிய அலமாரியில் இருக்கட்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்குக்குப் பயந்து, ஆறட்டும் ஆறட்டும் என்று சமைத்ததை மணிக்கணக்கில் வெளியே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் உணவு ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வயிற்றுக் கோளாறு நாளைக்கே வரும், நுண்துகளின் விளைவு அப்படி உடனே வருவதல்ல. ஆழமில்லாத அகலமான பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடுங்கள். தடித்த, ஆழமான கண்ணாடிப் பாத்திரம் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அந்த வகையில் அது மெதுவானது.

ஃப்ரீசரில் பிளாஸ்டிக்கே வசதி. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. கழுத்து குறுகிய கண்ணாடி ஜாடியில் விளிம்புவரை நிரப்பினால் விரிசல் நிச்சயம். கண்ணாடிதான் வேண்டுமென்றால் நேரான சுவருள்ளதாக எடுத்து, மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். பாலிப்ரொப்பிலீன் அந்தக் குளிரில் மொறுமொறுப்பாகிவிடும், கீழே விழுந்தால் உடையும். 2, 4 எண் டப்பாக்கள் அங்கே நன்றாகத் தாங்கும்.

பிள்ளைகளின் கைக்குப் போகிற டப்பா கண்ணாடியாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் இரண்டைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனால் இந்த இடத்துக்கு எவர்சில்வர்தான் பொருத்தம். உடையாது, வாடை பிடிக்காது. மைக்ரோவேவில் வைக்க முடியாது, உப்பும் புளிப்பும் சேர்ந்ததை வாரக்கணக்கில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் குறை.

பிளாஸ்டிக்கை எப்போது கழிப்பது? உள்ளே கீறல் விழுந்து மங்கிவிட்டால், தொட்டால் பிசுபிசுத்தால், கழுவிய பிறகும் பழைய வாடை அடித்தால், மூடி சரியாக உட்காராவிட்டால். கீறல்களில் கிருமி தங்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. இரும்பு நார் போட்டுத் தேய்ப்பதுதான் பல டப்பாக்களின் ஆயுளைக் குறைக்கிறது. மஞ்சளோ தக்காளியோ ஏற்றிய கறை மட்டும் இருந்தால் பரவாயில்லை, அது நிறம்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மிச்சமான உணவுக்கென்று, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய நான்கைந்து போரோசிலிகேட் டப்பாக்கள் வாங்கினால் தொடக்கத்துக்குப் போதும். பொருள் வாங்கும்போது வந்த கண்ணாடி ஜாடிகள் ஊறுகாய்க்கும் காப்பித்தூளுக்கும் ஆகும். கனமான கண்ணாடியைக் கீழ்த்தட்டின் பின்பக்கம் வைத்து, அந்த அலமாரிக் கதவுக்கு ஒரு கொக்கி போட்டுவிட்டால் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாது. உடைந்துவிட்டால் உள்ளே இருந்த உணவை எடுக்கப் பார்க்காதீர்கள், அப்படியே கொட்டிவிடுங்கள். பெரிய சில்லுகளைக் கையுறை போட்டு எடுத்துவிட்டு, தூளை ஈரமான தாளால் ஒற்றி எடுங்கள். அந்தச் சில்லுகளைப் பாட்டில்களோடு மறுசுழற்சிக்குப் போடக் கூடாது. போரோசிலிகேட் உருக அதிகச் சூடு வேண்டும், பாட்டில் உலையில் அது முழுதாக உருகாமல் அடுத்த பாட்டிலுக்குள் கட்டியாக நின்றுவிடும். தடித்த தாளில் சுற்றி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதிக் குப்பையில் போடுங்கள்.