அடைக்கோழியின் 21 நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை விடுமுறைக்கு என் ஒன்பது வயது மகனை அண்ணனின் பண்ணைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு வாரமாக, இரவானால் தொலைபேசியில் அழைத்து, பொழுதே போகவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறான். அண்ணன் அவனுக்கு வேலையும் வைக்கிறாராம். அழைத்து வந்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பயந்து அழுகிறான் என்றால் இன்றே அழைத்து வந்துவிடுங்கள். பொழுது போகாததுதான் குறை என்றால் சற்றுப் பொறுத்திருங்கள்.

பத்து வயதில் நானும் அத்தையின் பண்ணையில் ஒரு கோடையைக் கழித்தேன். திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு வாசலிலேயே கிடந்த என்னை அழைத்து, 11 முட்டைகளின்மேல் ஒரு கோழியை அடைவைத்து, இது உன் பொறுப்பு என்றார் அத்தை. கோழி இறங்கும் சிறிது நேரத்தில் தானியமும் தண்ணீரும் வைக்க வேண்டும், நாய் அணுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கோழி அலகால் முட்டைகளைப் புரட்டுவதைக் கண்டு காரணம் கேட்டேன். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். ஏழாம் நாள் இரவு, முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கொளிக்கு நேரே பிடித்துக் காட்டினார். சிலந்தி வலைபோல் சிவந்த நரம்புகளும் நடுவே அசையும் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தன. இரண்டில் ஒன்றுமே தெரியவில்லை; கூமுட்டை என்று எடுத்துவிட்டார். அதன்பிறகு ஊர் நினைப்பே எனக்கு வரவில்லை.

இருபதாம் நாள் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சொலி கேட்டது. மறுநாள் எட்டுக் குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்பதாவது, ஓட்டில் துளையிட்டதோடு நின்றுவிட்டது. நான் ஓட்டை உரிக்கப் போனபோது அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்: உள்ளே இரத்தக் குழாய்கள் இன்னும் வற்றியிருக்காது, மஞ்சள் கருவும் முழுதாக வயிற்றுக்குள் போயிருக்காது, இப்போது உரித்தால் இரத்தம் கசிந்தே இறந்துவிடும் என்றார். இரவெல்லாம் காத்திருந்தோம். அது வரவில்லை. மறுநாள் நான்தான் அதைப் புதைத்தேன். ஓடு உரிக்காத அந்த இரவை இன்றும் என்னால் எளிதாக நினைக்க முடிவதில்லை.

ஆகவே, உங்கள் அண்ணன் தரும் வேலை எத்தகையது என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு எடுபிடியாக அலைவது குழந்தையைச் சலிக்கத்தான் செய்யும். ஒரு கன்றையோ ஒரு கோழியையோ அவன் பொறுப்பிலேயே விடச் சொல்லுங்கள். பிறகு இரவில் அவன் அழைக்கும்போது, சாப்பிட்டாயா என்பதற்கு முன்பாக, அது இன்று என்ன செய்தது என்று கேளுங்கள்.