தெருவெல்லாம் இருமல், கணக்கில் மட்டும் காணோம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார். செய்தியில் மாவட்டம் முழுக்க நாற்பது பேருக்குத்தான் ஃப்ளூ என்கிறார்கள். மறைக்கிறார்களா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நாற்பது பேர், ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் எழுதிக் கொடுத்து, மூக்கில் குச்சி விட்டு, லேபில் ஃப்ளூ என்று முடிவு வந்தவர்கள். உங்கள் தெருவில் இருமுகிறவர்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போனார்கள்? பாதிப் பேர் மெடிக்கல் ஷாப்பில் ‘சளி, காய்ச்சலுக்கு மாத்திரை குடுங்க’ என்று வாங்கி விழுங்கியிருப்பார்கள், மீதிப் பேருக்குக் கஷாயம். இன்னொன்று, இருமுகிற எல்லோருக்கும் ஃப்ளூ என்றும் சொல்ல முடியாது, ஆர்.எஸ்.வி., ரைனோ என்று சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் நிறைய இருக்கின்றன.

இங்கிலாந்தில் ‘ஃப்ளூ வாட்ச்’ என்று ஓர் ஆய்வு நடந்தது, 2006 முதல் 2011 வரை. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் சாதாரணக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, சீசனுக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள், காய்ச்சல், இருமல் வந்தால் மூக்கிலும் மாதிரி எடுத்தார்கள். ஏன் இரண்டு முறை ரத்தம்? பழைய ஃப்ளூவின் எதிர்ப்புப் பொருள் எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் கிடக்கும், அதனால் ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் புரியாது, சீசனுக்குள் நாலு மடங்காவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு என்ன தெரியுமா? தடுப்பூசி போடாதவர்களில் சராசரியாக 18 சதவீதம் பேருக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஃப்ளூ தொற்றியிருந்தது. அதில் முக்கால்வாசிப் பேருக்கு அறிகுறியே இல்லை, அல்லது ஃப்ளூ என்று தோன்றாத அளவுக்கு லேசு. மூக்கு மாதிரியில் ஃப்ளூ உறுதியானவர்களிலேயே டாக்டரிடம் போனவர்கள் 17 சதவீதம்தான்.

நம் நாட்டிலும் கொரோனா காலத்தில் இந்த இடைவெளியைப் பார்த்தோம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020 மே, ஜூனில் வீடு வீடாக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. சின்ன எண் மாதிரித் தெரிகிறது இல்லையா, கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 64 லட்சம் பேர்! பதிவான ஒவ்வொரு கேஸுக்கும் வெளியே தெரியாமல் எண்பதுக்கும் மேல்.

டெஸ்ட் எடுத்த நூறு பேரில் முப்பது பேர் பாசிட்டிவ் என்றால், ஊரிலும் முப்பது சதவீதம் பேருக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
– கல்லூரி மாணவர், கோவை

இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களை எண்ணிவிட்டு ஊரில் எல்லோரிடமும் கார்டு இருக்கிறது என்பது போல ஆகிவிடும். டெஸ்டுக்கு வருகிறவர் ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர். குலுக்கலில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, நன்றாக இருப்பவர் மூக்கிலும் குச்சி விட்டால்தான் ஊர்க் கணக்கு கிடைக்கும். பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம் 2020 முதல் 2023 வரை கொரோனாவுக்கு இதைத்தான் செய்தது. 2022 மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் 13 பேருக்கு ஒருவர் என்று சொல்ல முடிந்தது அப்படித்தான். செலவு பயங்கரம், அதனால்தான் எல்லா ஊரிலும் நடப்பதில்லை.

அப்புறம் டெஸ்டும் பொய் சொல்லும். ஆயிரம் பேரில் நிஜமாகவே பத்துப் பேருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட் அந்தப் பத்தில் எட்டைப் பிடிக்கிறது, தொற்று இல்லாத நூறு பேரில் இரண்டு பேருக்குத் தப்பாகக் கோடு காட்டுகிறது. பார்க்க நல்ல கிட்தான். ஆனால் மீதி 990 பேரில் கிட்டத்தட்ட இருபது பேர் தப்பாகப் பாசிட்டிவ் ஆகிவிடுவார்கள், மொத்தம் 28. பத்து இருக்க வேண்டிய இடத்தில் 28! கிட் எவ்வளவு தப்புச் செய்யும் என்று முன்பே தெரிந்தால் இதைத் திருத்திவிடலாம், ஆய்வாளர்கள் செய்வதும் அதுதான். தொற்று குறைவாக இருக்கும் மாதங்களில் திருத்தாத எண்ணை நான் நம்ப மாட்டேன்.

டெல்லியில் ஆகஸ்ட்டிலேயே வரும் ஃப்ளூ நமக்கு ஏன் தீபாவளி சமயத்தில் வருகிறது?
– வாசகர், வேலூர்

அங்கே தென்மேற்குப் பருவமழை, நமக்கு வடகிழக்கு. ஃப்ளூ மழையோடு வருகிறது.