அவசர வழிக் கதவைப் பூட்டி வைக்கலாமா?

திருட்டு பயத்தால் அவசர வழிக் கதவைப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்து வைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதவே போதாது. 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. அந்த விபத்தில் மொத்தம் 146 பேர் இறந்தார்கள்.

பெரும்பாலும் நெருப்புக்கு முன்னால் புகைதான் ஆளைச் சாய்க்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கண் எரியும் இருட்டில் காவலாளியை எங்கே தேடுவது, சாவித் துவாரத்தை எப்படித் தடவிக் கண்டுபிடிப்பது? உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பிப் பூட்டைப் போடுங்கள். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது, திருட்டு பயமும் குறையும். கதவு திறந்தால் அலறும் மணியையும் சேர்த்துக்கொள்ளலாம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கூட்டம் முண்டியடிக்கும்போது உள்பக்கம் இழுக்க இடமே இருக்காது.

சரி, பூட்டை மாற்றியாயிற்று. அப்புறம் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், காற்று வரட்டும் என்று தீத்தடுப்புக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அப்படித் திறந்து கிடந்தால் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். உங்கள் இடத்தில் அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.