கன்னத்தில் ஒரு பை, வயிற்றில் ஒரு பை

கேள்வி (பொள்ளாச்சி): ஏனுங்க, ஆழியாறு பக்கம் குரங்கு கடலையைப் பிடுங்கி மெல்லாமலே கன்னத்தில் அடக்குகிறது. மாடு, மான் மாதிரி பிறகு அசை போடுமா?

பதில்: அசை போடாதுங்க. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அவசரம். நாட்டுக்குரங்குக்கு இரு கன்னத்திலும் பை உண்டு. நிரம்பினால் கழுத்து வரை புடைக்கும். இன்னொரு குரங்கு பிடுங்க வருவதற்குள் திணித்துக்கொண்டு, மரமேறி உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி அழுத்தி வாய்க்குத் தள்ளும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மேயும் வெளிமானுக்கு அந்தப் பை வயிற்றில் இருக்கிறது. புல்லை அரைகுறையாக மென்று முதல் அறையில் போட்டுவிடும். அப்புறம் நாலாபுறமும் கண்ணுக்கு எட்டும் வெட்டவெளியில் படுத்து, உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். குரங்கு மெல்வது வயிற்றையே பார்க்காத தீனி. மான் மெல்வது வயிற்று நுண்ணுயிர்களில் ஊறிவந்த தீனி.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வால்பாறைக் கருமந்தி. கன்னப்பை கிடையாது. இலை தின்னி என்பதால் வயிறே பல மடிப்பாகி, மானைப்போல நுண்ணுயிர்களை வைத்து நொதிக்க வைக்கிறது. அசை மட்டும் போடுவதில்லை.

கேள்வி (சத்தியமங்கலம்): வெளிமான் குட்டி புல்லில் தனியாகக் கிடந்தது. தாய் விட்டுவிட்டதா? எடுத்து வந்து பால் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். நாட்டுக்குரங்கும் வெளிமானும் ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். குரங்குக்குட்டி பிறந்த அன்றே தாயின் வயிற்று மயிரைப் பற்றித் தொங்கிவிடும். குளம்பை வைத்து எதைப் பிடிப்பது? அதனால் மான்குட்டி அசையாமல் புல்லில் பதுங்கிக் கிடக்கும். தாய் தள்ளி மேய்ந்து, நேரம் பார்த்து வந்து பால் கொடுக்கும். நீங்கள் பக்கத்தில் நின்றால் அது வராது. அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (காங்கேயம்): குரங்கையும் வெளிமானையும் ஓடவிட்டால் எது ஜெயிக்கும்?

பதில்: வெளிமான். மணிக்கு 80 கி.மீ. வரை ஓடும். நடுவில் ஒரு புளியமரம் நின்றால் குரங்கு போட்டியிலேயே இருக்காது!

கேள்வி (கோபி): வெளிமான் கொம்பு வருடா வருடம் விழுமாமே, பொறுக்கி வரலாமா?

பதில்: விழுவது புள்ளிமானுக்கும் கடமானுக்கும். வெளிமான் ஆடுமாட்டின் சொந்தம். கிடாயின் முறுக்குக்கொம்பு சாகும்வரை இருக்கும். எந்தக் கொம்பானாலும் வீட்டுக்கு எடுத்து வந்தால் வனச்சட்டப்படி குற்றம். கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.