கையை முழங்கால் பிடிக்கட்டும்

மேட் ஓரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, இரண்டு வருடம் கி எனும் தடித்த பயிற்சிச் சட்டை போட்டு, தரையில் கட்டிப் புரளும் தற்காப்புக் கலையான பிரேசிலிய ஜூ-ஜிட்ஸு பழகினேன். கார்டிலிருந்து, அதாவது மல்லாந்து எதிராளியைக் கால்களுக்கு நடுவே வைத்தபடி, அவர் கையை நீட்டி முழங்கையைப் பூட்டும் ஆர்ம்பார்தான் என் கைவசம் இருந்த ஒரே ஆயுதம். ஆறு மாதமாக அந்தச் சட்டை இல்லாத நோ-கி வகுப்புக்குப் போகிறேன். பிடிக்கச் சட்டைக் கையும் இல்லை, காலரும் இல்லை. வியர்த்ததும் பிடித்த கை விரால் மீன் மாதிரி நழுவிவிடுகிறது. என் எடை 54 கிலோ. கூடப் பழகுகிறவர்கள் எல்லோரும் 70க்கு மேல். நான் காலைத் தூக்குவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நோ-கியில் ஆர்ம்பாரை விட்டுவிடலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: விட்டுவிடாதே, தங்கச்சி. உன் கடிதத்தில் ‘பிடித்த கை’ என்று எழுதியிருக்கிறாய் பார், சிக்கல் அங்கேதான். கியில் துணி உனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தது. துணி போனதும் அந்த வேலையை விரல்களிடம் கொடுத்துவிட்டாய். 54 கிலோ உடம்பின் விரல்கள் 70 கிலோ ஆளின் இழுப்பைத் தாங்காது. தாங்க வேண்டியவை உன் முழங்கால்களும் இடுப்பும். விரலுக்குக் கிடைப்பது இரண்டு விநாடி வேலை மட்டும்.

எனக்கு ஜூடோதான் தாய்வீடு. அங்கே ஆர்ம்பாருக்கு ஜூஜி கட்டமே என்று பெயர். ஜப்பானிய ஜூடோ வீரர் மயேடா 1914இல் பிரேசிலுக்குக் கொண்டுபோன ஜூடோவிலிருந்துதான் நீ பழகும் கலை முளைத்தது. நானும் ஜூடோ உடையைக் கழற்றிவிட்டு நோ-கிக்கு வந்தபோது உன்னைப் போலவே மணிக்கட்டைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் வீணாகப் போனது.

முதலில் எதிராளி நிமிர்வதைத் தடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்த ஆளின் முழங்கை அவர் விலாவோடு ஒட்டியிருக்கும். அதை யாராலும் பறிக்க முடியாது. குளோஸ்டு கார்டில், அதாவது உன் கால்களை அவர் முதுகுக்குப் பின்னால் பின்னி இருக்கும்போது, உன் இரண்டு முழங்கால்களையும் உன் நெஞ்சை நோக்கி இழு. அவர் முன்னால் சாய்வார், கையை ஊன்றுவார். ஊன்றிய அந்தக் கைதான் உனக்கு வேண்டியது.

அவருடைய வலது கை என்று வைத்துக்கொள். உன் வலது கை அவர் மணிக்கட்டில். உன் இடது கை அவர் முழங்கைக்குச் சற்று மேலே, பின்பக்கமாகக் கொக்கி போல. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வை, சுற்றிப் பிடிக்காதே. மணிக்கட்டைத் தள்ளி, முழங்கையை உன் நெஞ்சுக்குக் குறுக்கே இழு. அவர் முழங்கை உன் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாத வரை காலைத் தூக்காதே. நீ தோற்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். முழங்கை இன்னும் உன் இடது பக்கமே இருக்க, நீ அவசரப்பட்டுக் காலை வீசுகிறாய். அவருக்கு எழுந்துகொள்ள அது போதும்.

தாண்டியதும் உன் இடது பாதத்தை அவர் வலது இடுப்பில் வைத்துத் தள்ளி, உடம்பைத் திருப்பு. தலை வலப்பக்கம் போகட்டும். அவர் காது உன் கண்ணுக்கு நேரே தெரியும் வரை திரும்பு. வலது கால் அவர் முதுகில் உயரமாக, இடது அக்குளுக்குள் ஏறி அழுத்தட்டும். இந்தக் கால் கனமாக இருந்தால் அவரால் நிமிரவே முடியாது. கியில் காலர் செய்த வேலையை இப்போது இது செய்கிறது. அதற்குப் பிறகுதான் இடது கால் அவர் தலைக்கு மேலே போகும்.

கால் விழுந்ததும் முழங்கால்களை நெருக்கு, குதிகால்களைக் கீழே இழு. இந்த நிலையில் உன் கைகளை ஒரு நொடி எடுத்துப் பார். அவர் கை அங்கேயே இருந்தால் நீ சரியாகச் செய்திருக்கிறாய். என் மாணவர்களை நான் அப்படித்தான் சோதிப்பேன்: இரண்டு கையையும் காதில் வைத்துக்கொண்டு, காலால் மட்டும் கையைக் காப்பாற்றச் சொல்வேன். ஒரு வாரம் செய். விரல்களைப் பற்றிய பயம் போய்விடும்.

முடிக்கும்போது அவர் கட்டைவிரல் மேலே பார்க்கட்டும், முழங்கை உன் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நெஞ்சுப் பக்கமாக இருக்கட்டும். அப்புறம் இடுப்பைத் தூக்கு, மெதுவாக.

கனமானவர்கள் உன்னை மடித்து எடையை மேலே போடுவார்கள். அப்போது மல்லுக்கட்டாதே. உன் வலது கையை அவர் இடது தொடைக்குள் விட்டுக் கொக்கி போட்டு, இன்னும் கொஞ்சம் திரும்பு. உன் தோளுக்கு நேர்மேலே எடை இறங்கினால்தான் கழுத்து நசுங்கும். பக்கவாட்டில் இருந்தால் அந்த எடை தரைக்குப் போகும்.

எதிராளி ஊன்ற மறுத்தால்? எழுந்து உட்கார்ந்து இடுப்பால் அவரை மோது. கவிழாமலிருக்க உன் நெஞ்சைத் தள்ளுவார். தள்ளும் கை நீண்ட கை. நான் அதிகம் பிடித்தது இப்படித்தான். அல்லது கால்களால் கழுத்தை நெரிக்கும் டிரையாங்கிள் போடு. கழுத்தைக் காப்பாற்ற நிமிரும்போது கை நீளும்.

எம்.எம்.ஏ. எனும் கலப்புச் சண்டை வீரர்கள் ஃபெடோர் எமெலியானென்கோ, மார்க் கோல்மன் மோதிய இரண்டு ஆட்டங்களையும் தேடிப் பார். ஏப்ரல் 2004, அக்டோபர் 2006. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் சாம்பியனான கோல்மன், மேலே இருந்து அழுத்துவதில் பேர்போனவர். உடம்பில் சட்டை கிடையாது. இரண்டு முறையும் ஃபெடோர் கீழே கார்டில் இருந்தபடி ஆர்ம்பாரில் முடித்தார். அவர் கைகளைப் பார்க்காதே. இடுப்பு எப்போது திரும்புகிறது என்று மட்டும் பார். நான் எத்தனை முறை பார்த்திருப்பேனோ, இன்னும் அலுக்கவில்லை.

கேள்வி: மேடம், என் மகனுக்கு 15 வயது. ஆர்ம்பாரில் வலிக்கும் வரை டேப் அடிக்க (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள) கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். முழங்கைக்கு ஆபத்து இல்லையா?
– தந்தை, திருச்சி

பதில்: ஆபத்துதான், ஐயா. கை முழுதாக நீண்ட பிறகு முழங்கைக்கு மிச்சம் இருக்கும் தூரம் மிகக் கொஞ்சம். வலி தெரிவதற்கும் தசைநார் கிழிவதற்கும் நடுவே யோசிக்க நேரம் இருக்காது. இருபத்தோரு வயதில் ஒரு பயிற்சி முகாமில் நான் வீம்புக்கு டேப் அடிக்காமல் இருந்தேன். சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகு வந்தது. மூன்று மாதம் அந்தக் கையால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. குளிர்காலத்தில் இன்றும் அந்த முழங்கை முழுதாக நீளாது.

கை நீண்டுவிட்டது, வெளியே வர வழி தெரியவில்லை என்றால் உடனே டேப் அடிக்கச் சொல்லுங்கள். கை சிக்கியிருந்தால் வாயால் சொல்லலாம். பிடிப்பவனுக்கும் சொல்லுங்கள்: பிடித்து நிறுத்தினாலே பயிற்சி முடிந்தது, இடுப்பை வெட்டி இழுக்கத் தேவையில்லை. இதைக் கேட்காத பையனோடு உங்கள் மகனை மேட்டில் இறக்காதீர்கள். பயிற்சியாளரிடமே நேரில் போய்ப் பேசுங்கள்.

கேள்வி: நோ-கிக்குப் போடும் ராஷ் கார்ட் (உடம்போடு ஒட்டும் பயிற்சி பனியன்) முழுக்கை நல்லதா, அரைக்கையா?
– வாசகர், மதுரை

பதில்: முழுக்கை. மேட்டில் உரசி முழங்கைத் தோல் உரிவது குறையும். ஆர்ம்பார் பழகும்போது பிடியும் சற்று நிற்கும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் அரைக்கையோடு, நன்றாக வியர்த்த பிறகு, ஆர்ம்பாரை மட்டும் பத்து நிமிடம் பழகுங்கள்.